புதிய அந்துப்பூச்சிக்குப் பெயர் வைப்பதற்கு முன்

2014ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் சிங்கப்பூரின் புளோக் கீழ்த்தளங்களிலும் எம்ஆர்டி நிலையச் சுவர்களிலும் உள்ளங்கையை மிஞ்சும் பழுப்பு நிற அந்துப்பூச்சிகள் திரளாக வந்து ஒட்டிக்கொண்டன. இறகின் குறுக்கே வெள்ளைப் பட்டை, பின்னிறகில் வால். படம் எடுத்தவர்களில் பலர் கேட்டது ஒன்றுதான்: இது புதிய வகையா? அதன் பெயர் லைசா ஸாம்பா. 1869இலேயே ஆங்கிலேயப் பூச்சியியலாளர் பட்லர் அதற்குப் பெயர் வைத்துவிட்டார். அட்லஸ் அந்துப்பூச்சியோ இன்னும் பழையது. உயிரினப் பெயரிடல் முறைக்கு அடித்தளமிட்ட லின்னேயஸ் 1758இல் போட்ட பட்டியலிலேயே இருக்கிறது. கண்ணைப் பறிக்கும் அளவும் நிறமும் கொண்டவை எல்லாம் எப்போதோ யாரோ பிடித்து, குத்தி, பெயர் எழுதி வைத்தவை.

பெயரில்லாமல் மிஞ்சியிருப்பவை அனேகமாக இறகு ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத, சாம்பலும் பழுப்புமான பூச்சிகள். வண்ணத்துப்பூச்சிகளும் அந்துப்பூச்சிகளும் அடங்கிய செதிலிறகிகள் வரிசையில் இதுவரை பெயர் பெற்றவை ஏறத்தாழ 160,000. அவற்றில் வண்ணத்துப்பூச்சிகள் 20,000க்கும் குறைவு, மற்ற எல்லாம் அந்துப்பூச்சிகள். ஆகவே ஒன்றைப் புதியது என்று சொல்வதன் பொருள், பெயர் பெற்ற உறவுகள் அத்தனையோடும் ஒப்பிட்டு, எதனோடும் பொருந்தவில்லை என்று காட்டியாயிற்று என்பதே. வேலையில் பெரும்பங்கு அந்த ஒப்பீட்டில்தான் போகிறது. பூச்சியை வருணிப்பது அதில் சிறு பகுதி.

சிங்கப்பூரில் இந்த ஒப்பீடு தீவோடு நின்றுவிட முடியாது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. மலாயா, சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் ஒரே நிலப்பரப்பு. சிங்கப்பூரின் காட்டுக் குன்றான புக்கிட் தீமாவில் கிடைக்கும் பூச்சி இந்த 700 சதுர கிலோமீட்டருக்குள் மட்டும் வாழ்வது என்று எதிர்பார்க்க முகாந்திரம் குறைவு. அது சரவாக்கிலிருந்து 160 ஆண்டுகளுக்கு முன்பே விவரிக்கப்பட்டிருக்கலாம். இலங்கையிலிருந்தோ அஸ்ஸாமிலிருந்தோ வேறு பெயரில் இருக்கலாம்.

பிடிப்பதும் குத்துவதும்

இயற்கை வனப்பகுதிகளில் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் ஒரு பூச்சியைக்கூட எடுக்கக் கூடாது. அனுமதியில் இடமும் காலமும் எழுதப்பட்டிருக்கும். பின்னாளில் கட்டுரையை இதழுக்கு அனுப்பும்போது அந்த அனுமதி எண்ணையும் கேட்பார்கள்.

வெள்ளைத் துணி, அதன் முன் விளக்கு: அடிப்படை முறை இவ்வளவுதான். முன்பு 125 அல்லது 160 வாட் பாதரச ஆவி விளக்கு பயன்பட்டது. இப்போது மின்கலத்தில் ஓடும் புற ஊதா எல்இடி விளக்குகள் வந்து, ஜெனரேட்டர் சுமக்கும் வேலை ஒழிந்தது. நிலா இல்லாத, மழை பெய்து ஓய்ந்த, காற்றற்ற இரவு வேண்டும். இங்கே கூடுதல் சிக்கல், நகரத்தின் வெளிச்சம் மேகத்தில் பட்டுத் திரும்புவது. திறந்த வெளியில் துணி கட்டினால் விளக்குக்குப் போட்டியாக வானமே நிற்கும். சரிவின் மறைவிலோ மரக்கூரைக்கு அடியிலோ கட்டினால் வரவு கூடும். முன்னிரவில் வருபவை வேறு, நள்ளிரவுக்குப் பின் வருபவை வேறு; பத்து மணிக்கே மூட்டை கட்டினால் பாதிக் குடும்பங்கள் கண்ணில் படாமலே போய்விடும்.

சிறு பூச்சிகளை ஒவ்வொன்றாகத் தனிக் குப்பியில் பிடிக்க வேண்டும். ஒரே குப்பியில் இரண்டு இருந்தால் ஒன்றின் செதில் மற்றொன்றின் மேல் படியும். பிறகு அந்த ‘வெள்ளைப் புள்ளி’ யாருடையது என்று சொல்ல முடியாது. எத்தில் அசிட்டேட் ஆவி விரைவில் கொல்லும்; ஆனால் குப்பிக்குள் ஈரம் கட்டினால் இறகு ஒட்டிக்கொள்ளும். உறைபெட்டியில் ஒரு முழு நாள் வைப்பது மெதுவானது, சுத்தமானது.

குத்தும்போது நடுமார்பின் வழியே துருப்பிடிக்காத எஃகு ஊசி போக வேண்டும். 10 மில்லிமீட்டருக்குக் கீழே உள்ளவற்றுக்கு மினியூட்டன் என்னும் மயிரிழை ஊசி. பரப்புப் பலகையில் முன்னிறகின் பின்விளிம்பு உடலுக்குச் செங்கோணமாக நிற்கும்படி இழுத்து, தாளால் அழுத்தி, உலர விட வேண்டும். ஐரோப்பியக் கையேடுகள் சொல்லும் உலர்த்தும் காலத்தை இங்கே அப்படியே நம்பக் கூடாது. சிங்கப்பூர் ஈரப்பதத்தில் பூச்சி காய்வதற்கு முன் பூஞ்சணம் முந்திக்கொள்ளும். கேமரா வைக்கும் ஈரமகற்றும் பெட்டியோ, எந்நேரமும் ஏர்கான் ஓடும் அறையோ இல்லாமல் இதில் இறங்குவது வீண். ஜியோமெட்ரிடே குடும்பத்தின் மரகதப் பச்சைப் பூச்சிகளுக்கு இன்னொரு கேடு உண்டு. காய்ந்து விறைத்தவற்றை ஈரப்படுத்தித் தளர்த்தினால் பச்சை மங்கி மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறிவிடும். அப்படி நிறம் மாறிய மாதிரியை வைத்து ‘மஞ்சள் நிறச் சிற்றினம்’ என்று எழுதினால், அது ஆய்வாளர் மேசையில் உருவான சிற்றினம்.

பெயர்ச்சீட்டில் நாடு, இடம், அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், தேதி, பிடித்தவர், பிடித்த முறை இருக்க வேண்டும். மாதத்தை ரோமன் எண்ணில் எழுதுவது வழக்கம். 4/6 என்றால் ஏப்ரலா ஜூனா என்று நூறு ஆண்டு கழித்து யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம் பாருங்கள். சீட்டில்லாத பூச்சி, எவ்வளவு அரியதானாலும், அலங்காரப் பொருள்.

வெளியில் தெரிவது

நுண்ணோக்கியின் கீழ் தலையிலிருந்து தொடங்குவது மரபு. உணர்கொம்பு நூல்போலா, இருபுறமும் சீப்புப் பற்களோடா. பற்கள் நுனிவரை போகின்றனவா, முக்கால் பங்கில் நிற்கின்றனவா. உதட்டுத் துடுப்புகள் மேல்நோக்கி வளைகின்றனவா, முன்னே நீள்கின்றனவா. அத்துடுப்புகளின் மூன்று கணுக்களின் நீளம் ஒன்றுக்கொன்று என்ன விகிதம். உறிஞ்சுகுழல் இருக்கிறதா, அதன் அடியில் செதில் உண்டா. பைரலாய்டியா தொகுதிக்கு அந்த அடிச்செதில் முக்கிய அடையாளம்.

பிறகு காது. அந்துப்பூச்சிகளில் பல குடும்பங்களுக்கு வௌவாலின் ஒலியைக் கேட்கும் சவ்வு உண்டு. அது இருக்கும் இடம் குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கும். நாக்டுவாய்டியா தொகுதிக்குப் பின்மார்பில், ஜியோமெட்ரிடேக்கும் பைரலாய்டியாவுக்கும் வயிற்றின் அடியில். வயிறு உடைந்து தொலைந்துபோன மாதிரியைப் புதிய சிற்றினத்துக்கு அடிப்படையாக்க நல்ல ஆய்வாளர் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். பெரிய காரணம் பின்னால் வருகிறது.

ஆணா பெண்ணா என்பதை வயிற்றைத் தொடாமலே பெரும்பாலும் அறியலாம். பின்னிறகின் அடியிலிருந்து முன்னிறகைப் பிடிக்கும் கொக்கிமுள், ஆணுக்கு ஒரே தடித்த முள்ளாகவும் பெண்ணுக்கு இரண்டு மூன்று மெல்லிய முட்களாகவும் இருக்கும்.

இறகு நரம்புகளைப் பார்க்கச் செதிலைச் சுரண்ட வேண்டியதில்லை. அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டால் சில வினாடிகளுக்கு நரம்புகள் தெளிவாகத் தெரியும். அது ஆவியானதும் இறகு பழையபடி ஆகும். முன்னிறகில் எம்2 என்னும் நடுநரம்பு எம்3இன் அருகில் பிறந்தால் நாக்டுவாய்டியா பக்கம் பார்க்கலாம். எம்1க்கும் எம்3க்கும் நடுவிலோ எம்1ஐ ஒட்டியோ பிறந்து, பின்னிறகின் முதல் நரம்பு அடியில் சட்டென வளைந்தால் ஜியோமெட்ரிடே. பேரினம்வரை போவதற்கு நரம்பமைப்பு நம்பகமான வழி. சிற்றினத்தைப் பிரிக்க அது பெரும்பாலும் உதவாது.

அளவுக்கு முன்னிறகின் நீளத்தை, அடியிலிருந்து நுனிவரை, 0.1 மில்லிமீட்டர் துல்லியத்தில் எடுக்க வேண்டும். இறகு விரிப்பு அளவு பழைய நூல்களில் இருக்கிறது. ஆனால் பலகையில் இறகை எவ்வளவு மேலே இழுத்தோம் என்பதைப் பொறுத்து அது மாறும். கிடைத்த எல்லா மாதிரிகளையும் அளந்து, எத்தனை மாதிரி என்ற எண்ணிக்கையோடு வீச்சை எழுதுவதே முறை. ஒரே ஒரு பூச்சியை அளந்துவிட்டு ‘உறவுச் சிற்றினத்தைவிடச் சிறியது’ என்று எழுதுபவர்கள், அந்தப் புழு போதிய தீனி இல்லாமல் வளர்ந்திருக்கலாம் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இறகின் கோலம்தான் எல்லாரும் முதலில் பார்ப்பது, எளிதில் ஏமாற்றுவதும் அதுதான். குறுக்குக் கோடுகள், சிறுநீரகப் புள்ளி, வட்டப் புள்ளி, விளிம்புக் கோடு என ஒவ்வொன்றுக்கும் இடப்பெயர் உண்டு. அவை எங்கே தொடங்கி எந்த நரம்பில் வளைகின்றன என்று எழுத முடியும். ஆனால் கோலம் ஒரே சிற்றினத்துக்குள் மாறக்கூடியது. இங்கிலாந்தின் மிளகுப் பூச்சியில் வெளிர் வடிவமும் கரிய வடிவமும் ஒரே சிற்றினம். பழம் துளைக்கும் யூடோசிமா பூச்சியில் ஆணின் முன்னிறகும் பெண்ணின் முன்னிறகும் வேறு. லைமான்ட்ரியா டிஸ்பார் என்னும் அந்துப்பூச்சியில் ஆண் பழுப்பு, பெண் வெள்ளை. பையுறைப் பூச்சிகள் பலவற்றில் பெண்ணுக்கு இறகே கிடையாது. இவற்றோடு தேய்மானமும் சேரும். சில இரவுகள் புதருக்குள் பறந்த பூச்சியின் இறகில் பாதிச் செதில் போயிருக்கும். மிஞ்சியதைப் பார்த்தால் அது வேறு பூச்சி. இறகுப் படத்தை மட்டும் நம்பிப் பெயர் வைத்தவர்கள் விட்டுச்சென்ற வேண்டாத பெயர்கள் பட்டியல் பட்டியலாக இருக்கின்றன.

வயிற்றுக்குள் இருப்பது

நெருங்கிய உறவுகளைப் பிரிப்பதற்கு இந்தத் துறை நம்புவது பிறப்புறுப்பின் கடின உறுப்புகளை. இவை சிற்றினத்துக்குள் பெரிதாக மாறுவதில்லை, சிற்றினங்களுக்கிடையே பெரும்பாலும் மாறுகின்றன. தேயாது, வெளுக்காது, நூறாண்டு பழைய மாதிரியிலும் அப்படியே இருக்கும்.

வயிற்றை மெல்ல மேல்நோக்கி அழுத்தினால் தனியே உடைந்து வரும். 100 மில்லிலிட்டர் நீரில் 10 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைத்த கரைசலில் அதை இட வேண்டும். சுடுநீரில் வைத்த குழாயில் 10 முதல் 20 நிமிடம், அல்லது சூடில்லாமல் ஓர் இரவு. தசையும் கொழுப்பும் கரைந்து, கைட்டின் கூடு மட்டும் நிற்கும். ‘ஓர் இரவு’ என்பது குளிர்நாட்டு அறைக் கணக்கு. 30 பாகை அறையில் காரம் வேகமாக வேலை செய்யும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்காவிட்டால் காலையில் மென்சவ்வுகள் கரைந்து, பெண்பூச்சியின் உள்பை கிழிந்த துணிபோலக் கிடக்கும். குறைவாக ஊறினாலோ கொழுப்பு வெண்படலமாக ஒட்டி எல்லாவற்றையும் மறைக்கும். இரண்டில் இது பரவாயில்லை, மீண்டும் ஊறவைக்கலாம். கரைந்துபோனது கரைந்ததுதான்.

பிறகு நீர் கலந்த ஆல்கஹாலில் போட்டு, மெல்லிய தூரிகையால் செதிலை நீக்கி, ஆணின் உறுப்புத் தொகுதியை வயிற்றுக் கூட்டிலிருந்து பிரிக்க வேண்டும். மேலே கொக்கி போன்ற அன்கஸ், கூரையாக டெகுமென், கீழே வின்குலம், இருபக்கமும் பிடிகரங்களாக வால்வாக்கள், நடுவில் ஏடியாகஸ் என்னும் குழல். குழலைப் பின்புறமாக இழுத்தால் முட்கள் மாட்டிக் கிழியும். முன்புறமாக உருவ வேண்டும். அதனுள் மடிந்திருக்கும் வெசிகா என்னும் பையை நுண் ஊசிக்குழாயால் ஆல்கஹால் செலுத்தி வெளியே பிதுக்கினால், கார்னூட்டஸ் என்னும் முட்களின் எண்ணிக்கையும் இடமும் தெரியும். பல பேரினங்களில் சிற்றின வேறுபாடு முழுவதும் இந்தப் பையில்தான் இருக்கிறது. பொறுமையில்லாதவர்கள் தவிர்க்கும் படியும் இதுதான்.

இங்கே ஒரு பொறி. சில சிற்றினங்களில் இணைசேரும்போது இந்த முட்கள் உதிர்ந்து பெண்ணின் பைக்குள் தங்கிவிடும். முட்களே இல்லாத ஆணைக் கண்டதும் ‘முள்ளற்ற புதுச் சிற்றினம்’ என்று எழுதுவதற்கு முன் அவை உதிர்ந்த குழிகள் இருக்கின்றனவா என்று தேட வேண்டும். பெண்ணிலும் இதே வகைத் தவறு நேரும். உள்பையின் சுவரில் சிக்னம் என்னும் கடினத் தகடு இருக்கும். இணைசேர்ந்த பெண்ணின் பைக்குள் ஆண் விட்டுச்சென்ற விந்துப்பொதியும் இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள் உண்டு. பெண்ணைப் பிரிக்கும்போது ஏழாம் வயிற்று வளையத்தையும் சேர்த்தே எடுப்பது நல்லது. பையின் வாய் எட்டாம் வளையத்தை ஒட்டி இருப்பதால், அவசரமாக வெட்டினால் கழுத்து அறுந்துவிடும். நிறமற்ற பையை குளோராசோல் கருப்பு சில வினாடிகளில் நீலக்கருப்பாக்கிக் காட்டும். கூடுதல் நேரம் விட்டால் எல்லாம் கறுத்துவிடும்.

கடைசியில் தூய ஆல்கஹாலில் நீரை அகற்றி, யூபரால் பிசினில் கண்ணாடித் தகட்டில் பதிக்க வேண்டும். ஒரு துளி நீர் மிஞ்சினாலும் பிசின் பால்போல வெளுத்துவிடும். நம் ஊர்க் காற்றில் திறந்து வைத்த தூய ஆல்கஹால் தானாகவே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பழைய புட்டியை நம்பாமல் ஒவ்வொரு முறையும் புதிதாக ஊற்றுவது உத்தமம். தகட்டின் எண்ணை எழுதிய சீட்டு ஒன்று பூச்சியின் ஊசியிலும் ஏற வேண்டும். தகடும் பூச்சியும் தொடர்பற்றுப் போனால் இரண்டுமே பயனற்றவை.

வயிற்றுக் கூட்டையும் எறியக் கூடாது. ஆண்களின் வாசனைமயிர்க் கற்றைகளும் காதின் அமைப்பும் அதில்தான் இருக்கின்றன.

யாரோடு ஒப்பிடுவது

1854இல் பிரிட்டிஷ் இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரெட் ரஸல் வாலஸ் சிங்கப்பூரில் இறங்கி புக்கிட் தீமா பகுதியில் பூச்சி சேகரித்தார். அவர் அனுப்பிய அந்துப்பூச்சிகளின் பட்டியலை, புதியவற்றின் விவரிப்போடு, ஃபிரான்சிஸ் வாக்கர் 1859இல் லண்டன் லின்னேயன் சங்க இதழில் வெளியிட்டார். வாக்கர் ஆயிரக்கணக்கான பூச்சிகளுக்குப் பெயர் வைத்த மனிதர். விவரிப்புகள் சில வரிகள், படம் கிடையாது, ஒரே பூச்சியை வெவ்வேறு பெயர்களில் விவரித்ததும் உண்டு. ஆனாலும் முன்பெயரே வெல்லும் என்பது விதி. தென்கிழக்காசியப் பூச்சியை வருணிக்கும் எவரும் அந்தச் சில வரிகளோடு மல்லுக்கட்டித்தான் ஆக வேண்டும்.

வரிகளைப் படித்து முடிவுக்கு வர முடியாது. அந்தப் பெயருக்கு ஆதாரமான பூச்சியைப் பார்க்க வேண்டும். பேரினத்தில் இன்று செல்லும் பெயர்கள் மட்டும் போதாது. வேறு பெயருக்குள் அடங்கியதாகத் தள்ளப்பட்ட பழம்பெயர்களின் ஆதாரப் பூச்சிகளையும் தேட வேண்டும், ஏனெனில் நம் ‘புதிய’ சிற்றினத்துக்கு உரிய பெயர் அங்கே தூங்கிக்கொண்டிருக்கலாம். பெரும்பாலானவை லண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் உள்ளன. படம் கேட்டால் அனுப்புவார்கள். வயிறு ஏற்கனவே பிரிக்கப்பட்டிருந்தால் தகட்டின் படமும் கிடைக்கும். இதைச் செய்யாமல் எழுதிய கட்டுரைகள்தான் சில ஆண்டுகளில் ‘இது வாக்கர் பெயரிட்டதே’ என்ற ஒற்றை வரியில் கவிழ்கின்றன.

டிஎன்ஏ இந்த ஒப்பீட்டுக்குத் துணை. ஒரு காலைக் கழற்றி, சிற்றினங்களை அடையாளம் காணப் பயன்படும் சிஓஐ மரபணுவின் 658 எழுத்துத் துண்டைப் படித்தால், ஆண்-பெண் ஜோடியைச் சேர்ப்பதும் மாறுவேட வடிவங்களை ஒன்றாக்குவதும் சுலபம். ஆனால் 1859இன் பெயருக்குரிய பூச்சியிடமிருந்து நல்ல டிஎன்ஏ எப்போதும் கிடைப்பதில்லை. அதனிடம் நிச்சயம் இருப்பது உடலமைப்பு மட்டுமே.

எழுத்தில் வைப்பது

விலங்குப் பெயரிடல் விதித்தொகுப்பை நடத்தும் அனைத்துலக ஆணையத்தின் செயலகம் சிங்கப்பூரில், லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் இயங்குகிறது என்பது இங்குள்ள பலருக்கே தெரியாத செய்தி. விதிகள் கேட்பது அதிகமில்லை. 1930க்குப் பிந்தைய பெயர் எதுவானாலும், பிறவற்றிலிருந்து வேறுபடுத்தும் பண்புகள் சொற்களில் இருக்க வேண்டும். 1999க்குப் பிந்தையதானால், பெயருக்கு ஆதாரமான மாதிரியைக் குறிப்பாகச் சுட்ட வேண்டும். அது எந்தச் சேகரிப்பில் வைக்கப்படும் என்றும் சொல்ல வேண்டும். அந்த ஒற்றை மாதிரிதான் ஹோலோடைப். கூட இருப்பவை பாராடைப்புகள். இணையத்தில் மட்டும் வெளிவரும் கட்டுரை என்றால் விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேடான ஸூபேங்கில் பதிந்த விவரம் அந்தக் கட்டுரைக்குள்ளேயே தெரிய வேண்டும்.

மாதிரி இல்லாமல் படத்தை மட்டும் கொண்டு பெயரிடுவதை விதிகள் அடியோடு தடுக்கவில்லை. அந்துப்பூச்சியில் அப்படிச் செய்வது அறிவீனம். மேலே சொன்ன வயிறு படத்தில் இல்லை.

கட்டுரையின் உயிர் ‘வேறுபடுத்தல்’ என்ற பத்தி. “முன்னிறகு பழுப்பு, அழகிய கோடுகளுடன்” என்ற வரி ஆயிரம் பூச்சிகளுக்குப் பொருந்தும். அதே இடத்தில் இப்படி எழுதலாம் (பண்புகள் கற்பனை): “நெருங்கிய உறவிலிருந்து வேறுபடுவது: அன்கஸ் நுனி இரண்டாகப் பிளந்தது, அதில் ஒற்றை, வால்வாவின் மேல்விளிம்பு நடுவில் குழிந்தது, அதில் நேர், வெசிகாவில் ஒரே முள், அதில் நான்கைந்து சேர்ந்த கற்றை.” ஒவ்வொரு பண்புக்கும் எதிரில் உறவினருடையது நிற்கிறது. படிப்பவர் தன் மேசையில் இருக்கும் பூச்சியை எடுத்து, எந்தப் பக்கம் என்று தீர்மானிக்க முடிகிறது. முழு விவரிப்பு அதற்குப் பின் வரும்: தலை, மார்பு, இறகு, வயிறு, ஆண், பெண் என்ற வரிசையில், வினைச்சொல்லே இல்லாத தந்தி நடையில்.

2017இல் கனடாவில் பணிபுரிந்த வஸ்ரிக் நசாரி, தலையில் மஞ்சள்-வெண் செதில் கொண்ட ஒரு கலிஃபோர்னியப் பூச்சிக்கு நியோபால்பா டோனால்ட்ட்ரம்பி என்று பெயர் வைத்தார். உலகச் செய்திகள் அந்த ‘முடி’யோடு நின்றுவிட்டன. பேரினத்தில் அதுவரை இருந்த மற்றொரு சிற்றினமான நியோபால்பா நியோநாட்டாவிலிருந்து அதைப் பிரித்தவற்றில் பிறப்புறுப்பின் அளவும் உண்டு, டிஎன்ஏ துண்டும் உண்டு. தலைச்செதில் மட்டும் இருந்திருந்தால் அந்தப் பெயர் இவ்வளவு உறுதியாக நின்றிருக்காது.

பெயரைப் பொறுத்தவரை: ஆணின் பெயரானால் இறுதியில் ‘ஐ’, பெண்ணுக்கு ‘ஏ’, பலருக்கு ‘ஓரம்’, ஊருக்கு ‘என்சிஸ்’. தமிழ்ச்சொல்லையும் லத்தீன் எழுத்தில் பெயர்ச்சொல்லாகவே வைக்கலாம். அப்போது பேரினத்தின் பாலுக்கேற்ப அது மாறாது. லின்னேயஸ் தான் வகுத்த அந்துப்பூச்சிக் குழுக்களில் ஜியோமெட்ரா பெயர்களை ‘ஆரியா’, ‘ஆட்டா’ என்றும், டினியாவை ‘எல்லா’ என்றும், டோர்ட்ரிக்ஸை ‘ஆனா’ என்றும் முடித்த பழக்கத்தைச் சிலர் இன்றும் பின்பற்றுகிறார்கள், கட்டாயமில்லை. தன் பெயரையே வைத்துக்கொள்ளத் தடை இல்லை; செய்தால் சக ஆய்வாளர்கள் சிரிப்பார்கள், அவ்வளவே. கட்டுரை வெளிவரும்வரை புதிய பெயரைப் பத்திரிகைக்கோ ஃபேஸ்புக்குக்கோ சொல்லாமல் இருப்பது இதைவிட முக்கியம். விவரிப்பில்லாமல் கசிந்த பெயர் வெறும் பெயராகத் தொங்கும். விவரிப்போடு அச்சில் கசிந்தால் உரிமைக் குழப்பம் வரும்.

ஹோலோடைப்பை ஆணாகத் தேர்வது பல குழுக்களில் வழக்கம், வேறுபாடு அங்கே தெளிவாக இருப்பதால். அதில் சிவப்புச் சீட்டு ஏறும். பாராடைப்புகள் போதுமானவை இருந்தால் ஒரே கட்டடத்தில் வைக்காமல் லண்டனுக்கோ கோலாலம்பூருக்கோ ஓரிரண்டைப் பிரித்து அனுப்புவது வழக்கம். அடுத்து ஒப்பிட வருபவர் சிங்கப்பூருக்கு விமானம் ஏற வேண்டியதில்லை.